மோவாப் போகும் முன்: முதல் முறை ஜீப்பை மலைப்பாதையில் இறக்குபவர்களுக்கு

மார்ச் பிறந்தால் போதும், யாராவது ஒரு தம்பியிடமிருந்து எனக்கு அழைப்பு வரும். "அண்ணே, ஜீப் எடுத்துட்டேன். ஈஸ்டர் லீவுக்கு மோவாப் போறோம். வின்ச் எது வாங்கலாம்? டயரை 35 இன்ச்சுக்கு மாத்தணுமா?"

நான் டென்வரில் இருக்கிறேன். இங்கிருந்து யூட்டா மாநிலத்தில் இருக்கும் மோவாபுக்கு ஆறு மணி நேர ஓட்டம். பத்து வருடத்துக்கும் மேலாகப் போய் வருகிறேன். கூப்பிடுகிற தம்பிகளிடம் நான் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "நீ ஓட்டப் போற பாதை யாரோட நிலத்துல இருக்கு?" அநேகமாக யாருக்கும் தெரிந்திருக்காது. எனக்கும் முதல் முறை தெரியவில்லை. அதனால் ஒரு தவறு செய்தேன். அதன் தடம் இன்றுவரை அந்த மண்ணில் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன். வின்ச்சுக்கும் (மாட்டிக்கொண்ட வண்டியைக் கம்பி கட்டி இழுக்கும் கருவி) டயருக்கும் முன்னால் நிலத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். அது தெரிந்தால் மற்ற விதிகளெல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

முதல் வேலை: நிலம் யாருடையது என்று தெரிந்துகொள்வது

யூட்டா மாநில நிலத்தில் ஏறத்தாழ 63 சதவீதம் அமெரிக்க மத்திய அரசுடையது. மோவாபைச் சுற்றியுள்ள செம்பாறைப் பகுதியில் பெரும்பகுதி நில மேலாண்மை அலுவலகத்தின் கையில் இருக்கிறது. எல்லோரும் அதை பி.எல்.எம். என்றே சொல்வார்கள். நாடு முழுக்க சுமார் 24.5 கோடி ஏக்கரை இந்த அலுவலகம் பார்த்துக்கொள்கிறது. நம் ஊர்ப் புறம்போக்கு மாதிரி கேட்பாரற்ற இடம் என்று நினைத்துவிடக் கூடாது. ஒவ்வொரு பாதைக்கும் ஒரு எண் உண்டு, ஒரு கோப்பு உண்டு, பல பாதைகளுக்கு ஒரு வழக்கும் உண்டு.

இந்த நிலம் அரசிடம் எப்படித் தங்கியது? முதலில் இது யூட் பழங்குடியினர் வேட்டையாடி வாழ்ந்த பூமி. 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அவர்களை ஒதுக்கிடங்களுக்குத் தள்ளிவிட்டார்கள். 1862இல் வந்த குடியேற்றச் சட்டம், உழுது பயிரிடுபவர்களுக்குத் தலைக்கு 160 ஏக்கர் கொடுத்தது. தண்ணீர் உள்ள இடங்களை எல்லாம் மக்கள் எடுத்துக்கொண்டார்கள். பாறையும் மணலும் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. வேண்டாம் என்று விட்டுப்போன அந்த மிச்சம்தான் இன்று நாம் ஜீப் ஓட்டும் இடம்.

அந்த மிச்ச நிலத்தில் ஆடுமாடுகளை அளவில்லாமல் மேயவிட்டு மண் பாழானதால் 1934இல் டெய்லர் மேய்ச்சல் சட்டம் வந்தது. மேய்ச்சலைக் கவனித்த துறையையும் பழைய நிலப்பதிவு அலுவலகத்தையும் 1946இல் ஒன்றாகச் சேர்த்தார்கள். அப்படிப் பிறந்ததுதான் பி.எல்.எம். ஆக, அது பிறந்தது மாட்டுக்காகவும் சுரங்கத்துக்காகவும். பொழுதுபோக்காக வண்டி ஓட்டுபவர்களை அப்போது யாரும் நினைத்துப் பார்த்திருக்க முடியாது.

பாதைகள் எப்படி வந்தன என்பது இன்னும் சுவாரசியமான கதை. 1952 ஜூலையில் சார்லி ஸ்டீன் என்ற நிலவியலாளர், மோவாபுக்குத் தெற்கே யுரேனியம் கண்டுபிடித்தார். அணுகுண்டுக் காலம் அது. அணுசக்தி ஆணையம் தாதுவை நல்ல விலைக்கு வாங்கியது. ஊரே சுரங்கத்துக்குள் இறங்கியது. புல்டோசரை வைத்துப் பள்ளத்தாக்கு விளிம்புகளில் எல்லாம் தடம் வெட்டினார்கள். இன்று கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவுக்குள் நூறு மைல் சுற்றி வரும் ஒயிட் ரிம் சாலை அந்தக் காலத்து வேலை. ஷாஃபர் டிரெயில் அதற்கும் பழையது. கால்நடை வளர்த்த குடும்பங்கள் மாடு இறக்கிய பாதையை 1950களில் தாது லாரிகளுக்காக அகலப்படுத்தினார்கள். நம்மை மனதில் வைத்து இங்கே ஒரு தடமும் போடப்படவில்லை. யுரேனியம் தேவை குறைந்ததும் லாரிகள் நின்றன, பாதைகள் மிஞ்சின. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வீட்டு உபயோகத்துக்கு வந்த ஜீப்புகள் அந்தப் பாதைகளில் ஏறின. 1967இல் மோவாப் வர்த்தக சபை ஈஸ்டர் சமயத்தில் ஒரு ஜீப் ஊர்வலம் நடத்தியது. ஒரு நாள் நிகழ்ச்சியாகத் தொடங்கியது, இப்போது ஈஸ்டர் ஜீப் சஃபாரி என்ற பெயரில் ஈஸ்டர் ஞாயிறு வரை ஒன்பது நாள் நடக்கிறது.

வண்டிகள் பெருகியதும் பாதையை விட்டு விலகிப் போவதும் பெருகியது. 1972 பிப்ரவரியில் அதிபர் நிக்சன் 11644 என்ற எண்ணுள்ள ஆணையில் கையெழுத்திட்டார். மத்திய அரசு நிலத்தில் மோட்டார் வண்டி எங்கே போகலாம், எங்கே போகக் கூடாது என்று துறைகள் பிரித்துச் சொல்ல வேண்டும் என்றது அந்த ஆணை. மண்ணுக்கும் நீர்நிலைக்கும் செடிகொடிக்கும் சேதம் குறைவாக இருக்க வேண்டும், விலங்குகளுக்குத் தொல்லை குறைவாக இருக்க வேண்டும், நடந்து வருபவர்களோடு மோதல் குறைவாக இருக்க வேண்டும் என்ற அளவுகோல்களும் அதில்தான் வந்தன. 1977இல் அதிபர் கார்ட்டர் அதை இறுக்கினார்: பெரும் சேதம் நடக்கிறது என்று தெரிந்தால் அதிகாரிகள் அந்த இடத்தை உடனே மூட வேண்டும். இடையில் 1976இல் வந்த கூட்டாட்சி நிலச் சட்டம், பொதுநிலம் இனி அரசிடமே இருக்கும், மேய்ச்சலுக்கும் சுரங்கத்துக்கும் போலவே மக்கள் பொழுதுபோக்குக்கும் அதில் இடம் உண்டு என்று எழுதிவைத்தது. நமக்கு இங்கே காலூன்ற உரிமை கொடுத்தது அதுதான்.

அதற்காக எல்லாம் தீர்ந்துவிடவில்லை. 1866இல் ஒரே வாக்கியத்தில் எழுதப்பட்ட ஒரு சட்டப்பிரிவு, பொதுநிலத்தின் மேல் சாலை போட யாருக்கும் உரிமை கொடுத்திருந்தது. 1976இல் அதை நீக்கினாலும், அதற்கு முன்பே இருந்த சாலைகளின் உரிமையை விட்டுவைத்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டு யூட்டா மாநிலமும் அதன் கவுன்ட்டிகளும் 12,000க்கும் மேற்பட்ட சாலைகளுக்கு உரிமை கோரி 2012இல் நீதிமன்றம் போயின. இந்தத் தடத்தில் 1976க்கு முன் வண்டி ஓடியது என்று நிரூபிக்க, வயதான பண்ணைக்காரர்களின் சாட்சியத்தைப் பதிவுசெய்து வைக்கிறார்கள். இன்னொரு பக்கம், தெற்கு யூட்டா வனாந்தரக் கூட்டணி போன்ற அமைப்புகள் பாதைகளைக் குறைக்கச் சொல்லி வழக்குப் போடுகின்றன. 2023 செப்டம்பரில் லாபிரிந்த் ரிம்ஸ் – ஜெமினி பிரிட்ஜஸ் பகுதியில் பி.எல்.எம். 317 மைல் பாதைகளை மோட்டார் வண்டிகளுக்கு மூடியது. ஆற்றோரமாகப் போகும் பழைய சுரங்கச் சாலையான ஹே ஜோ கேன்யனும் அதில் ஒன்று. ஜீப்காரர்கள் பக்கம் நிற்கும் புளூரிப்பன் கூட்டமைப்பும் யூட்டா மாநிலமும் அதை எதிர்த்தன.

இரண்டு பக்கமும் எனக்கு நண்பர்கள் இருக்கிறார்கள். என் கருத்தைக் கேட்டால், ஆற்றுப் படுகைக்குள் ஓடிய சில தடங்களை மூடியது சரி. விளிம்பில் கல்லின் மேல் மட்டும் போகிற சில தடங்களை விட்டிருக்கலாம். எது எப்படியோ, நாளைக்கு நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு திருப்பமும் இந்தக் கணக்கில் ஏறும். அது தெரியாமல் சாவியைத் திருகாதீர்கள்.

வரைபடம்

பி.எல்.எம். தன் நிலத்தை மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறது. திறந்த பகுதியில் எங்கு வேண்டுமானாலும் ஓட்டலாம். வரம்புக்குட்பட்ட பகுதியில் குறித்த பாதையில் மட்டும் ஓட்டலாம். மூடிய பகுதியில் வண்டியே கூடாது. மோவாபைச் சுற்றி ஒயிட் வாஷ் மணல்மேடு போன்ற சிறிய இடம்தான் திறந்த பகுதி. மற்றதெல்லாம் வரம்புக்குட்பட்டது அல்லது மூடியது. எனவே தடம் மாதிரித் தெரிகிறது என்பதற்காக ஒரு தடத்தில் திரும்பக் கூடாது. போன வாரம் யாரோ சட்டத்தை மீறி ஓட்டிய சக்கரத் தடமும் அப்படித்தான் தெரியும்.

பி.எல்.எம்.மின் மோவாப் அலுவலகம் வெளியிடும் பயண வரைபடத்தைப் போனில் முன்கூட்டியே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். ஊரை விட்டு ஐந்து மைல் தாண்டினால் சிக்னல் கிடைக்காத இடங்கள் ஏராளம். நடுவில் லா சால் மலைப் பக்கம் ஏறினால் அது வனத்துறை நிலம், அதற்குத் தனி வரைபடம். தேசியப் பூங்காவுக்குள் விதி இன்னும் கடுமை: ஒயிட் ரிம் சாலைக்கு ஒரு நாள் பயணமானாலும் அனுமதிச்சீட்டு வேண்டும், ஏடிவி, சைடு-பை-சைடு வகை (கரடுமுரடான தடத்துக்கென்றே செய்த சிறிய) வண்டிகளுக்கு கேன்யன்லேண்ட்ஸில் அனுமதியே இல்லை. அந்த வகை வண்டியை வாடகைக்கு எடுத்து வெளியே ஓட்டுவதானாலும் யூட்டாவில் 2023 முதல் ஆன்லைன் பாடம் ஒன்றை முடித்திருக்க வேண்டும். சாலையில் ஓடும் சாதாரண ஜீப்புக்கு அது தேவையில்லை.

எந்தப் பாதை, எந்த மாதம்

மோவாப் பாதைகளை ரெட் ராக் 4-வீலர்ஸ் என்ற உள்ளூர் சங்கம் 1 முதல் 10 வரை கடினத்தில் வரிசைப்படுத்தியிருக்கிறது. முதல் நாள் 3ஐத் தாண்டாதீர்கள். ஆனியன் கிரீக் நல்ல தொடக்கம். செம்மண் பாதை, ஒரே ஓடையை இருபது தடவைக்கு மேல் குறுக்கே கடக்கும், பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஷாஃபர் டிரெயில் ஓட்டச் சிரமமில்லை, ஆனால் ஒரு பக்கம் ஆயிரம் அடிப் பள்ளம். தலைசுற்றல் உள்ளவர்களை முன் சீட்டில் உட்கார வைக்காதீர்கள். ஜெமினி பிரிட்ஜஸ் அடுத்தது.

எல்லோருக்கும் ஹெல்ஸ் ரிவெஞ்சுக்குத்தான் போக வேண்டும். சாண்ட் ஃபிளாட்ஸ் பகுதியில் கட்டணம் கட்டி உள்ளே போனதும் மீன்முதுகு மாதிரி ஒரு பாறைமேல் வண்டியை ஏற்ற வேண்டும். இரண்டு பக்கமும் சரிவு. இரண்டாவது பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் தெரிந்தவர் ஒருவர் முன்னால் போனால் மட்டும்.

மார்ச் கடைசி முதல் மே வரை, அப்புறம் செப்டம்பர், அக்டோபர் நல்ல மாதங்கள். ஜூலையிலிருந்து செப்டம்பர் நடுவரை மதிய மழையால் திடீர் வெள்ளம் வரும். உங்கள் தலைக்கு மேல் வானம் நீலமாக இருக்கும், இருபது மைல் தள்ளிப் பெய்த மழை ஓடையில் இறங்கி வரும். ஓடைப்படுகையில் வண்டியை நிறுத்திச் சாப்பிடாதீர்கள்.

முதல் முறை போகிறவர்களுக்கு ஈஸ்டர் ஜீப் சஃபாரியையே நான் பரிந்துரைப்பேன், முன்பதிவு செய்து சங்கத்தோடு போவதானால். ஒவ்வொரு வரிசைக்கும் முன்னால் ஒரு தலைவர், கடைசியில் ஒருவர் வருவார். கடைசியில் வருபவரை டெயில் கன்னர் என்பார்கள். நீங்கள் நின்றால் அவரும் நிற்பார். அந்த ஒன்பது நாளில் பதிவில்லாமல் தனியாகப் போவது மட்டும் வேண்டாம். பாதைகளில் நெரிசல் அதிகம், ஓரம் ஒதுங்கும் ஆசை வந்துவிடும்.

வண்டியும் டயரும்

தம்பிகளுக்கு வருத்தமாக இருக்கலாம், ஆனால் 2, 3 நிலைப் பாதைக்கு நீங்கள் எதையும் மாற்ற வேண்டியதில்லை. ஃபோர்-வீல் டிரைவ், அதில் லோ ரேஞ்ச் (மெதுவாக, அதிக இழுவிசையோடு ஓட்டும் கியர் அமைப்பு), தரையிலிருந்து எட்டு அங்குலத்துக்கு மேல் உயரம், நல்ல நிலையில் டயர், முழு அளவு ஸ்டெப்னி. இவை இருந்தால் போதும். வின்ச்சுக்கு வைத்திருந்த பணத்தில் காற்றடிக்கும் கம்ப்ரசரும் காற்றழுத்தம் பார்க்கும் கேஜும் வாங்குங்கள். மீதியில் பிள்ளைகளுக்கு நல்ல தொப்பி வாங்கலாம்.

காற்றைக் குறைப்பதுதான் இந்தக் கலையின் பாதி. ரோட்டில் 35 பிஎஸ்ஐ இருக்கும் டயரைக் கல்பாதையில் 18 – 20க்கு இறக்குங்கள். டயர் தரையில் படும் பகுதி நீளும், கல்லைச் சுற்றி மடிந்து பிடிக்கும், இடுப்பு வலியும் குறையும். மணலுக்கு 15 – 18. அதற்குக் கீழே போனால் சாதாரண ரிம்மிலிருந்து டயர் கழன்றுவிடலாம். காற்றைக் குறைத்த டயரோடு 25 மைல் வேகத்தைத் தாண்டாதீர்கள். பாதைக்கும் இதனால் நன்மை உண்டு: காற்று முழுக்க இருக்கும் டயர் வழுக்கிச் சுழன்று பள்ளம் தோண்டும், மென்மையான டயர் உருண்டு போகும். ஒரு பாதை கெடுவதும் கெடாமல் இருப்பதும் பல சமயம் அந்த 15 பிஎஸ்ஐயில் இருக்கிறது.

கையில் இருக்க வேண்டியவை: ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன் தண்ணீர், அதற்கு மேலே ஒரு நாள் உபரி. முதலுதவிப் பெட்டி, மண்வெட்டி, இழுவைப் பட்டை, டயர் பஞ்சர் செட், போர்வை, தீயணைப்பான். சாட்டிலைட் வழி செய்தி அனுப்பும் கருவி வாடகைக்குக் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று ஊரில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். புளிசாதம், தயிர்சாதம் கட்டுகிறவர்கள் ஐஸ்பெட்டியைப் பட்டை போட்டு இறுக்குங்கள். சரிவில் வண்டி சாயும்போது பின்னாலிருந்து பெட்டி பறந்து வந்து பிள்ளை தலையில் பட்டதை நேரில் பார்த்திருக்கிறேன்.

ஓட்டும் முறை

கல்லில் ஏறும் முன் நிறுத்துங்கள், இறங்குங்கள், நடந்து பாருங்கள். நான் சந்தித்த நல்ல ஓட்டுநர்கள் எல்லோரும் அதிகம் நடப்பவர்கள். பிறகு வண்டியை நியூட்ரலில் போட்டு லோ ரேஞ்சுக்கு மாற்றி, முதல் கியரில் எஞ்சினே இழுக்கும்படி விடுங்கள். சக்கரத்தைக் கல்லுக்குப் பக்கத்தில் விடாமல் கல்லின் மேலேயே வையுங்கள். பக்கத்தில் விட்டால் வண்டியின் அடிவயிறு கல்லில் இடிக்கும். ஸ்டியரிங் வளையத்துக்குள் கட்டைவிரலை விடாதீர்கள், சக்கரம் கல்லில் மோதி ஸ்டியரிங் வெட்டினால் விரல் போய்விடும்.

மோவாபின் மணற்கல் காய்ந்திருக்கும்போது டயரை உப்புக்காகிதம் மாதிரிப் பிடிக்கும். வண்டி ஏறவே ஏறாது என்று தோன்றும் சாய்விலும் ஏறும். இறங்குவதுதான் பயம். முதல் கியரில் நேராக இறங்குங்கள். பிரேக்கைக் கெட்டியாக மிதித்து சக்கரம் பூட்டிக்கொண்டால் வழுக்கும். ஏறும்போது பாதியில் எஞ்சின் நின்றுவிட்டால், சரிவில் வண்டியைத் திருப்பவே கூடாது. ரிவர்ஸ் கியரில் வந்த வழியே நேராகப் பின்னால் இறங்குங்கள். பக்கவாட்டில் வண்டி கவிழ்வது போலத் தோன்றினால் ஸ்டியரிங்கைப் பள்ளத்தின் பக்கம் திருப்புங்கள். மனம் மேட்டுப் பக்கம் திருப்பச் சொல்லும், கேட்காதீர்கள்.

கீழே நின்று கைகாட்டி வழி சொல்பவர் ஒருவர் மட்டுமே இருக்கட்டும். மச்சான் இடதுபக்கம் என்பார், சித்தப்பா வலதுபக்கம் என்பார், வண்டி நடுவில் மாட்டும். குறுகிய இடத்தில் எதிரே வண்டி வந்தால், ஏறி வருபவருக்கு வழி விடுங்கள். ஆனால் வழி விடுவதற்காகப் பாதையை விட்டு இறங்கக் கூடாது, அகலமான இடம் வரை பின்னால் வாருங்கள்.

மாட்டிக்கொண்டால் அவசரப்படாதீர்கள். இழுவைப் பட்டையை வண்டிச் சட்டத்தில் உள்ள கொக்கியில்தான் மாட்ட வேண்டும். டிரெய்லர் இழுக்கும் உருண்டையில் ஒருபோதும் மாட்டாதீர்கள். இழுக்கும் வேகத்தில் அது ஒடிந்து பீரங்கிக் குண்டு மாதிரிப் பாயும், ஆட்கள் இறந்திருக்கிறார்கள். பட்டை நீளத்தின் ஒன்றரை மடங்கு தூரத்துக்கு எல்லோரையும் விலக்கி நிறுத்திவிட்டு இழுங்கள்.

அந்தக் கறுப்பு மண்

இனி என் தவறைச் சொல்கிறேன்.

முதல் பயணத்தில், மழை பெய்து இரண்டு நாள் கழித்து ஒரு பாதையில் போனேன். பாதை நடுவில் சேற்றுக் குட்டை. ஆழம் தெரியவில்லை. குச்சி விட்டுப் பார்க்கச் சோம்பல். ஓரத்தில் கறுப்பாக, மேடுபள்ளமாக, காய்ந்து கருகியது போல வெற்று மண் கிடந்தது. அதன் மேல் ஏறிச் சுற்றிப் போய்விட்டேன். முப்பது அடிகூட இருக்காது. மாலையில் முகாமில் ஒரு பெரியவரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் ஒன்றும் திட்டவில்லை. மறுநாள் காலை தண்ணீர் பாட்டிலோடு என்னைப் பாதையோரம் கூட்டிப்போய் மண்டியிடச் சொன்னார்.

கிட்டத்தில் பார்த்தால் அது வெற்று மண் இல்லை. விரல்நுனி உயரத்துக்குச் சின்னச் சின்னக் கோபுரங்கள். அவற்றுக்கு இடையே கறுப்புப் பாசி, சாம்பல்நிறத்திலும் மஞ்சளிலும் பாறைப்பாசித் திட்டுகள். அவர் ஒரு மூடித் தண்ணீரைத் தெளித்தார். கண்ணெதிரே, மூச்சு விடும் நேரத்துக்குள், கறுப்புப் பாசி விரிந்து பச்சையானது. உயிருள்ள மண்! நீலப்பச்சை பாக்டீரியாக்கள் நூல் நூலாக ஓடி மணலைத் தைத்து வைத்திருக்கின்றன. காற்றில் மண் பறக்காமல் பிடிப்பதும், மழைநீரைத் தேக்குவதும், நைட்ரஜனைச் சேர்த்துச் செடிக்குக் கொடுப்பதும் அதுதான். ஒரு சக்கரம் ஏறினால் நூல் அறுந்துவிடும். திரும்பத் தைத்துக்கொள்ளப் பல பத்தாண்டுகள் ஆகும்.

இரண்டு வருடம் கழித்து அதே குட்டைக்குப் போனேன். குட்டை காய்ந்திருந்தது. என் சுற்றுத்தடம் அப்படியே இருந்தது. எனக்குப் பின்னால் வந்தவர்கள் அதையே பாதை என்று நினைத்து ஓட்டியிருந்தார்கள். ஒரு வண்டி அகலப் பாதை அந்த இடத்தில் இரண்டு வண்டி அகலம் ஆகியிருந்தது. நான் அதில் கொஞ்ச நேரம் நின்றேன்.

எனவே குட்டை வந்தால் குச்சி விட்டு ஆழம் பார்த்து நடுவிலேயே போங்கள். முடியாவிட்டால் திரும்பிவிடுங்கள். களிமண் பாதையில் மழை பெய்த மறுநாள் போகவே போகாதீர்கள். பாறைமேல் உள்ள தண்ணீர்க் குழிகள் வேறு கதை, அவற்றில் சக்கரத்தை இறக்கக் கூடாது. வருடக்கணக்கில் வறண்ட குழியில் முட்டையாகக் காத்திருந்து மழைக்குப் பொரியும் சின்ன இறால்கள் அவற்றில் இருக்கின்றன. உட்கார்ந்து பாருங்கள், நீந்தும்.

பொட்டாஷ் சாலையோரப் பாறைகளில் பழங்குடியினர் செதுக்கிய உருவங்கள் உண்டு. கை வைக்காதீர்கள், விரலில் உள்ள எண்ணெய்ப் பசையே அவற்றைக் கெடுக்கும். கேன் கிரீக் சாலையில் இருக்கும் பர்த்திங் ராக் என்ற பாறையை 2021இல் யாரோ கிறுக்கிப் பாழாக்கினார்கள். மாட்டுப் பண்ணைக் கதவு திறந்திருந்தால் திறந்தபடி விடுங்கள், மூடியிருந்தால் மூடிவிட்டுப் போங்கள். முகாம் போடக் குறித்து வைத்த இடங்களில் மட்டும் போடுங்கள். மலம் கழிக்க அதற்கென்றே பைகள் விற்கிறார்கள், வாங்கிப்போய்க் கையோடு திரும்பக் கொண்டுவாருங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள்.

திரும்பிய அன்று இரவு

ரோட்டுக்கு வந்ததும் டயருக்குக் காற்று அடியுங்கள். வண்டியின் அடிப்பகுதியைக் கழுவுங்கள், களைவிதைகள் ஒட்டிக்கொண்டு வேறு பகுதிக்குப் போகும்.

அப்புறம் இந்த வேலையை மறக்காதீர்கள்: அன்றைக்கே நோட்டில் எழுதிவையுங்கள். தேதி, பாதையின் பெயர், பலகையில் இருந்த எண், எத்தனை வண்டி பார்த்தீர்கள், எந்த இடம் கெட்டிருந்தது, எந்த இடம் நன்றாக இருந்தது. இது எதற்கு என்றால், ஒரு பகுதியின் பயணத் திட்டத்தை மாற்றும் முன் பி.எல்.எம். மக்களிடம் கருத்துக் கேட்கும். குடியுரிமை இருக்க வேண்டும் என்பதில்லை, விசாவில் இருப்பவரும் எழுதலாம். பாதையை மூடாதே என்று ஆயிரம் பேர் எழுதினாலும் அது ஒரு வாக்கெடுப்பாகக் கணக்கில் வராது. இந்த எண்ணுள்ள பாதையில் இந்தத் தேதியில் போனேன், இந்த இடத்தில் தடம் இரண்டாகப் பிரிகிறது, இங்கே கல் வரிசை வைத்தால் போதும், முழுப் பாதையையும் மூட வேண்டியதில்லை என்று ஒருவர் எழுதினால், அதை அதிகாரிகள் பரிசீலித்தே ஆக வேண்டும். வனாந்தரம் காக்க வேண்டும் என்பவர்கள் இந்த வேலையைப் பல காலமாகத் துல்லியமாகச் செய்து வருகிறார்கள். வண்டி ஓட்டும் நாம்தான் பின்தங்கியிருக்கிறோம்.

நான் எழுதிய முதல் கருத்து ஒன்றரைப் பக்கம். அந்தக் குட்டை இருக்கும் இடத்தையும், இரண்டு வருட இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களையும் சேர்த்தேன். பாதை திறந்திருக்கட்டும், ஆனால் சுற்றுத்தடத்தைக் கல் போட்டு அடையுங்கள், முதலில் அதைப் போட்டது என் வண்டிதான் என்று எழுதி, கீழே என் பெயரைப் போட்டேன்.